மைனஸ் 13 பவர், ஆடும் கண்: எட்டு வயதுப் பேத்தியை வொண்டர்லாவுக்கு அனுப்பலாமா?

தூரவாணித் தாத்தா, கே.ஆர்.புரம்:

எல்லோருக்கும் வணக்கம். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் பகல் முழுக்கப் பேத்தி என் பொறுப்பு. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே இரண்டு கண்ணும் இலேசாக ஆடிக்கொண்டே இருக்கும், நிஸ்டாக்மஸ் என்று டாக்டர் சொல்கிறார். அதோடு மைனஸ் 13 பவர். கண்ணாடி போட்ட பிறகும் 6/60 தான். மற்றவர்கள் 60 மீட்டர் தள்ளி நின்று படிக்கிற எழுத்தை இவள் 6 மீட்டருக்குப் போனால்தான் படிக்க முடியும். தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பாள், அப்போது ஆட்டம் குறைகிறது. கடைத்தெருவில் சிலர் "பாப்பா ஏன் முறைக்குது" என்று கேட்பார்கள். அவர்களை விடுங்கள்.

இப்போது விஷயம். பள்ளிக்கூடத்தில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இங்கே பெங்களூரில் இருக்கும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறார்கள். இவள் டைரியில் மட்டும், பாதுகாப்புக் கருதி அன்று விடுமுறை எடுத்துக்கொள்ளவும் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துக்கு என்னிடம்தான் கொண்டு வந்தாள். டீச்சர் கையெழுத்து அவளுக்குப் பிடிபடாது, படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் தாத்தா, நான் உக்கார்ற சீட்டுல மட்டும் பெல்ட் இருக்காதா?" என்றாள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு கட்சி. மருமகன், பதினைந்து வயது ஆகட்டும் என்கிறார். மகள், கப்பன் பார்க் பாலபவனுக்கே கூட்டிப் போகலாம் என்கிறாள். பேத்திக்கு அது அலுத்துப் போய் நாளாகிவிட்டது. நான் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் டெலிபோன் பூட்டிய ஆள். கறுப்பு டயல் போன் காலத்திலிருந்து எங்கள் வழக்கம் என்னவென்றால், புது மெஷின் வந்தால் ஓட்டலாமா என்று கேட்க மாட்டோம், கை எங்கே போகக் கூடாது என்று கேட்போம். அந்த மாதிரிதான் இப்போதும் கேட்கிறேன்.

இவ்வளவு பவர் உள்ள பிள்ளை எந்த ரைடில் ஏறக் கூடாது? கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் என்ன செய்வது? தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர், ஆனால் கண்ணாடி இல்லாமல் இறங்கினால் பக்கத்தில் நிற்பது நானா வேறு யாராவதா என்றுகூடத் தெரியாது. பள்ளிக்கூடத்தோடு வாதாடுவதா, இல்லை, போங்கள் என்று நாங்களே தனியாகக் கூட்டிப் போய்விடுவதா? போய் வந்தவர்கள் சொன்னால் நல்லது.


ஹூடி அம்மா:

ஐயா, என் பையனுக்குப் பதினொரு வயது. அல்பினிசம், பிறவியிலேயே நிறமி குறைவு. அவனுக்கும் கண் ஆடும், பவர் இவ்வளவு இல்லை, ஆனால் வெயிலில் கண்ணைத் திறக்கவே முடியாது. அவனை வொண்டர்லாவுக்குக் கூட்டிப் போயிருக்கிறோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ரைடில் உட்கார்ந்து கம்பியை மூடிவிட்டால் அவனும் மற்ற பிள்ளைகளும் ஒன்றுதான். அங்கே எனக்குப் பயமே இல்லை. ஒரு ரைடிலிருந்து இறங்கி அடுத்த ரைடுக்குப் போகிற அந்த இடைவெளியில்தான் எல்லாத் தொல்லையும். ஈரத் தரை, ஒரே நிறத்தில் இருக்கும் படிகள், இருட்டு அறையிலிருந்து திடீரென்று வெயில், வரிசையைப் பிரிக்கும் கம்பிகள் அவன் நெஞ்சு உயரத்தில். அப்புறம் கூட்டம். பள்ளிக்கூடக் கூட்டம் என்றால் நாற்பது பிள்ளைகளும் ஒரே மாதிரி டீ ஷர்ட் போட்டிருப்பார்கள். இவளுக்கு முகம் தெரியாது, நிறம்தான் தெரியும். அந்த நிறமும் எல்லோருக்கும் ஒன்று என்றால் யாரை நம்பி நடப்பாள்? கூடப் போகிற பெரியவர் பளிச்சென்று வேறொரு நிறத்தில் சட்டை போட வேண்டும். நான் ஆரஞ்சுத் துப்பட்டா போட்டுக்கொண்டு போனேன், தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவான்.

கண்ணாடியை வேகமான ரைடுகளில் கழற்றத்தான் சொல்வார்கள். சட்டைப் பையில் போடாதீர்கள், ஜிப் வைத்த சின்னப் பை ஒன்று உங்கள் இடுப்பில் இருக்கட்டும். மெதுவான ரைடுகளுக்குத் தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டும் பட்டை போதும். பழைய கண்ணாடி ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், பவர் கொஞ்சம் குறைந்திருந்தாலும் பரவாயில்லை.

ரெயின் டிஸ்கோ என்று ஒன்று இருக்கிறது. இருட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் மழை, பாட்டு, மின்னும் விளக்கு. மற்ற பிள்ளைகள் வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்க, என் பையன் உள்ளே போன வேகத்தில் அழுதுகொண்டு வந்துவிட்டான். மின்னும் விளக்கில் எது தரை, எது ஆள் என்றே தெரியவில்லையாம். ஆனால் லேசி ரிவர் என்கிற மெதுவான தண்ணீர் ஓட்டத்தில் டியூபில் படுத்தவனை எழுப்பத்தான் முடியவில்லை. குளத்தில் இறங்க நைலான் உடை வேண்டும், பருத்தியை விட மாட்டார்கள். அதிலும் பளீரென்ற நிறமாக வாங்குங்கள், தண்ணீரில் நீங்கள் அவளைத் தேட வேண்டுமே. நீல நிறம் மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. போவதற்கு முந்தின வாரம் அந்த ரைடுகளின் வீடியோவை யூடியூபில் போட்டு, போனை அவன் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க விட்டோம். அங்கே நேரில் பார்க்க முடியாததை வீட்டிலேயே முழுதாகப் பார்த்துவிட்டான். நேரில் போனதும் "அம்மா, இப்பதான் மேல போய் நிக்கும்" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தான்.


மல்லேஸ்வரம் மாமி:

குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? பள்ளிக்கூடம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கஸ்தூர்பா ரோட்டில் மேப் என்கிற கலை அருங்காட்சியகம் இருக்கிறது. கையால் தடவிப் பார்க்கிற மாதிரி ஓவியங்களைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதே ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா மியூசியம், பட்டனை அமுக்கினால் மெஷின் ஓடும். ஒரு நாள் பொழுது நன்றாகப் போகுமே.


கண்ணாடிக்காரி:

நான் கண் மருத்துவமனை ஒன்றில் ஆப்டோமெட்ரிஸ்ட். தாத்தா கேட்ட முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

மைனஸ் 13 என்றால் கண் பந்து நீண்டிருக்கும். அதனால் உள்ளே விழித்திரை இழுபட்டு, ஓரங்களில் மெலிந்திருக்க வாய்ப்பு உண்டு. தலையை வெடுக்கென்று உலுக்குகிற ரைடுகளை நாங்கள் வேண்டாம் என்பது இதனால்தான், பார்வை குறைவு என்பதால் அல்ல. போவதற்கு முன் கண்பாவையை விரிக்கும் மருந்து போட்டு விழித்திரை ஓரம் வரை பார்க்கச் சொல்லுங்கள். மெலிந்த இடமோ ஓட்டையோ இருந்தால் டாக்டர் சொல்வதுதான் முடிவு. பரிசோதனையைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். அட்ரோபின் மருந்து போட்டால் விரிந்த கண்பாவை சுருங்க ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகலாம், அந்தக் கண்ணோடு வெயிலில் நிற்க முடியாது.

பெரிய ரைடுகளைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ரிகாயில் மாதிரி தலைகீழாகச் சுற்றுகிறவற்றில் உயரக் கட்டுப்பாடு இருக்கிறது, எட்டு வயதுப் பிள்ளையைப் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். யாரும் யோசிக்காதது மோதும் கார்தான். சின்னப் பிள்ளைகள் ரைடு என்று ஏற்றிவிடுவோம், ஆனால் பின்னாலிருந்து இடி வருவது அவளுக்குத் தெரியாது, கழுத்து வெட்டும், கண்ணாடி முகத்தில் அடிக்கும். அதைத் தவிர்த்துவிடுங்கள். தலை முன்னால் போகிற சறுக்குகளும் வேண்டாம். ராட்டினம், ஜயண்ட் வீல், மெதுவான தண்ணீர் ரைடு எல்லாம் விழித்திரை நன்றாக இருந்தால் போகலாம்.

தண்ணீருக்குப் பவர் வைத்த நீச்சல் கண்ணாடி ரெடிமேடாகவே கிடைக்கிறது. 13 கிடைக்காது, மைனஸ் 8 கிடைக்கும். அது போதும், ஆளும் படியும் தெரியும். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு மட்டும் குளத்தில் இறங்கக் கூடாது, அந்தத் தொற்று வந்தால் கருவிழியையே பாதிக்கும்.

தலையை இடது பக்கம் திருப்பிப் பார்க்கிறாள் என்றால் வலப்பக்கம் இருப்பதுதான் அவளுக்கு நிதானமாகத் தெரியும். ஷோ எதற்காவது போனால் மேடை அவளுக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி, இடது ஓரத்தில் உட்கார வையுங்கள். சாயங்காலம் களைப்பில் ஆட்டம் கூடும், பயப்படாதீர்கள். ஆனால் மின்னல் மாதிரி வெளிச்சம், கறுப்புப் புள்ளிகள், திரை விழுந்த மாதிரி மறைப்பு என்று எதைச் சொன்னாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பிள்ளைகள் தானாகச் சொல்லாது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.


ஜெயநகர் ஒன்பதாவது பிளாக்:

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. ஒரு சின்ன வட்டத்துக்குள் தெரிவதுதான் என் பார்வை, பொழுது சாய்ந்தால் அதுவும் கிடையாது. பேங்கில் வேலை. மல்லேஸ்வரம் அம்மா சொன்ன மேப் நிஜமாகவே நல்ல இடம், நான் போயிருக்கிறேன். ஆனால் வகுப்பே பஸ் ஏறிப் போகும்போது ஒரு பிள்ளையை மட்டும் மியூசியத்துக்குக் கூட்டிப் போனால் அது என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா?

சின்ன வயதில் சென்னையில் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு பார்க்குக்குப் போவோம். எல்லோரும் ரைடுக்கு ஓடுவார்கள், நான் பை பார்த்துக்கொள்வேன். யாரும் திட்டவில்லை, ஐஸ்கிரீம்கூட எனக்குத்தான் முதலில் வரும். பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவர்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்தக் கத்தல் யாருடையது என்று இன்றைக்கும் சொல்வேன்.

தாத்தா, பள்ளிக்கூடத்தை விடாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளைத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. சண்டையாகப் போக வேண்டாம். ஒரு பக்கக் கடிதம், அதில் அந்தப் பிரிவு, விழித்திரைப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் தரும் சீட்டு, எந்தெந்த ரைடு வேண்டாம் என்ற பட்டியல், கூட ஒரு பெரியவர் வருகிறோம் என்ற சம்மதம். டீச்சரின் பயம் பாதி அதிலேயே போய்விடும், அவரும் நாற்பது பிள்ளைகளை எண்ணிக்கொண்டு நிற்கிறவர்தானே. யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்கவில்லை என்றால் இந்தச் சாக்கில் எடுத்துவிடுங்கள், 6/60க்குக் கிடைக்கும்.

நடக்கும்போது நீங்கள் அவள் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவள் உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கட்டும், நீங்கள் அரை அடி முன்னால் போங்கள். படி வந்தால் "படி" என்று மட்டும் சொன்னால் போதாது, ஏறும் படியா இறங்கும் படியா என்று சொல்ல வேண்டும். அலைக்குளத்தில் அலை வருவது தெரியாமல் நின்றால் மூக்கில் தண்ணீர் ஏறிவிடும். மற்ற பிள்ளைகளின் கூச்சல் ஆழப் பக்கத்திலிருந்துதான் முதலில் கிளம்பும், அதைக் கேட்டுத் தயாராகலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஹூடி அம்மா, வீடியோ விஷயத்தில் மட்டும் உங்களோடு பாதிதான் உடன்படுகிறேன். உங்கள் பையனுக்கு அது பிடித்திருக்கிறது, சரி. எனக்கு யாராவது "இதோ விழப்போகிறது, இதோ" என்று காதில் சொன்னால் எரிச்சல் வரும். கண் தெரிகிறவர்கள் காசு கொடுத்து வாங்குவதே அந்தத் திடுக்கிடலைத்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் அதைக் கழித்துவிட்டுத் தருகிறீர்கள்? முன்னாலேயே தெரிய வேண்டுமா, வேண்டாமா என்று அவளிடமே கேளுங்கள். ஒரு ரைடுக்கு ஒன்று சொல்வாள், அடுத்ததற்கு வேறு சொல்வாள்.


ஹூடி அம்மா:

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவனிடம் கேட்டேன். "ரோலர் கோஸ்டருக்குச் சொல்லு, தண்ணிக்குச் சொல்லாதே" என்கிறான்.


தூரவாணித் தாத்தா, கே.ஆர்.புரம்:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஆரஞ்சுச் சட்டை வேண்டாமாம், அவள் வகுப்பு டீ ஷர்ட்டே ஏறக்குறைய அந்த நிறம்தானாம். கிளிப்பச்சை போடச் சொல்லியிருக்கிறாள். இந்த வயதில் கிளிப்பச்சை. மகள் சிரித்து முடிக்கவில்லை இன்னும்.

விழித்திரைப் பரிசோதனைக்கு நாள் வாங்கியாயிற்று. அட்ரோபின் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பள்ளிக்கூட நாளுக்கு நன்றாக முன்னாலேயே வாங்கினோம். ஓட்டை இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் என்ன செய்வது என்று மருமகன் கேட்டார். ரைடு இல்லாவிட்டால் தண்ணீர் மட்டும், தண்ணீரும் வேண்டாம் என்றால் வேறொரு மாதம் என்று பேத்தியே பதில் சொல்லிவிட்டாள். அவர் அதற்கு மேல் பேசவில்லை.

கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு நேரில் போனேன். 16ஆவது பிரிவைக் கடைசிப் பத்தியில்தான் வைத்திருந்தேன், அதுவரை அவர்கள் படிக்கவே இல்லை. வேண்டாத ரைடுகளின் பட்டியலையும், கூட ஆள் வருகிறோம் என்பதையும் பார்த்ததும், டாக்டர் சீட்டு கொண்டுவந்தால் சரி என்றுவிட்டார்கள். டைரியில் அந்த வரியை அடித்துக் கொடுக்கச் சொன்னேன், அடித்தார்கள்.

ஒரே சிக்கல். அங்கே ரைடு வாசலில் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று போர்டு இருக்குமாமே. எனக்குப் பிரஷர் மாத்திரை காலையும் மாலையும். அதனால் மகள் லீவு போட்டுக்கொண்டு அவளோடு ரைடில் ஏறுகிறாள். ஜெயநகர் தம்பி, இந்தத் தடவை பை பார்த்துக்கொள்வது நான்தான். எனக்கு எந்த ஐஸ்கிரீம் வேண்டும் என்று பேத்தி இப்போதே கேட்டுவிட்டாள்.