பி.எட். பயிற்சி வகுப்பு: கண்டிப்பாக இருப்பதா, சிநேகமாக இருப்பதா?

பி.எட். இரண்டாம் ஆண்டு. 16 வாரப் பள்ளிப் பயிற்சி தொடங்கப்போகிறது. ஏழாம் வகுப்புக் கணக்கு, 42 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. கேள்வி கேட்டால் முதல் பெஞ்சில் நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். கடைசி பெஞ்சை எப்படிப் பேச வைப்பது? பிள்ளைகளிடம் எவ்வளவு நெருங்கலாம்?

பதில் 1
முதலில் பெயர்கள். ஒரு தாளில் பெஞ்சுகளைக் கட்டம் போட்டு, வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்குப் பத்துப் பெயர் வீதம் படித்தால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். "ஏய், நீல பை" என்று கூப்பிடும் வரைக்கும் எந்த உறவும் வராது.

அடுத்து, கேள்வியை முதலில் கேளுங்கள். மூன்று முதல் ஐந்து விநாடி பொறுங்கள். அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மிச்சம் 41 பேரும் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். அந்த மௌனம் புதிய ஆசிரியருக்கு ரொம்ப நீளமாகத் தெரியும். பயந்துபோய் நீங்களே விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

பதில் 2
பெயரைவிடப் பெரிது, தப்பான விடைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது. 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு பையன் சொல்வான். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான். "தப்பு, உட்கார்" என்றால் அவன் அந்த மாதம் முழுக்க வாய் திறக்கமாட்டான். "அரை தோசையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரைக்கும் குறைந்துபோகுமா?" என்று கேளுங்கள். 2/5 அரையைவிடச் சின்னது என்பது அவனுக்கே பிடிபடும். பிறகு ஒரு காகிதப் பட்டையை ஆறாக மடித்து மூன்று கட்டமும் இரண்டு கட்டமும் அவன் கையாலேயே நிழலிடட்டும். 5/6 கண்ணெதிரே நிற்கும்.

கேட்டவர்
நன்றி. இதற்கெல்லாம் நேரம் போதுமா?

பதில் 2
ஒரு பாடவேளையில் இப்படி ஒரு தப்பை எடுத்தால் போதும். 5 நிமிடம் முந்தைய பாடம், 15 விளக்கம், 15 அவர்கள் போடும் கணக்கு, 5 நோட்டுப் பார்வை. அவர்கள் கணக்குப் போடும் 15 நிமிடமும் மேசையருகே நிற்காமல், கடைசி பெஞ்சிலிருந்து நடையைத் தொடங்குங்கள்.

பதில் 3
நெருக்கம் பற்றி: சொந்த வாட்ஸ்அப் எண்ணைக் கொடுக்காதீர்கள். கண்டிப்பதைத் தனியாகக் கூப்பிட்டுச் செய்யுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனதைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. "மக்கு" என்று ஏசுவதையும் அதில் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்கு கொடுக்கவே கூடாது. பாலியல் தொல்லை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது உங்கள் கடமை. வழிகாட்டி ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். ஆனால் அதோடு உங்கள் கடமை தீராது; காவல் துறைக்குத் தகவல் போய்விட்டதா என்று உறுதி செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.