செண்ட்ரல் லைனுக்கு அல்ட்ராசவுண்ட்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

மயக்கவியல், ஐசியு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஐசியுவுக்கென்று தனி அல்ட்ராசவுண்ட் மெஷின் கிடையாது. ஸ்கேன் அறையில் இருப்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டப் பதிவு இருப்பதால் அதை இடம் மாற்ற ஆயிரம் தயக்கம். அதனால் கழுத்து லைன் (கழுத்தின் பெரிய சிரைக்குள் செலுத்தும் செண்ட்ரல் லைன் குழாய்) பெரும்பாலும் பழைய முறையில்தான்: ஸ்டெர்னோமாஸ்டாய்ட் என்ற கழுத்துத் தசையின் இரண்டு தலைகள் சேரும் முனை, கரோட்டிட் தமனியின் துடிப்புக்கு வெளிப்புறம், ஊசி அதே பக்க மார்புக்காம்பை நோக்கி.

இன்டர்னல் ஜுகுலர் என்ற இந்தக் கழுத்துச் சிரைக்கு ஸ்கேன்தான் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2002-லேயே பரிந்துரைத்துவிட்டது. ஸ்கேன் கருவியின் ப்ரோபைத் தோல்மேல் வைத்து அழுத்தினால் சிரை அமுங்கும், தமனி அவ்வளவு எளிதில் அமுங்காது. அதைக் கண்ணால் பார்த்துக் குத்துவதும் துடிப்பைத் தடவிக் குத்துவதும் ஒன்றா?

கேட்க வந்தது இதுதான். காறை எலும்புக்கு அடியில் ஓடும் சப்கிளேவியன் சிரையில், எலும்பின் நிழல் விழும் இடத்தில், ஸ்கேன் உண்மையில் உதவுகிறதா? மெஷின் கிடைக்கிற நாட்களில், சிரையைக் குறுக்குவாட்டில் பார்த்தால் ஊசி முனையே தெரியவில்லை என்று ஜூனியர்கள் புலம்புகிறார்கள், நீளவாக்கில் பழக்குகிறீர்களா? அப்புறம், ஐசியுவுக்கென்று மெஷினைப் பதிவு செய்தவர்கள் நடைமுறையைக் கொஞ்சம் சொல்லுங்கள். ஸ்டெரைல் ப்ரோப் கவர் மலிவாகக் கிடைக்கும் இடம் தெரிந்தால் அதையும்.