டெக்சாஸில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்பவருக்கு உள்ள சட்டப் பொறுப்புகள் எவை?

கேள்வி (பிளேனோ)

அன்பர்களுக்கு வணக்கம். எனக்குச் சென்ற ஆண்டு கிரீன் கார்டு கிடைத்தது. நள்ளிரவில் கடையைப் பூட்டிவிட்டு ரொக்கத்துடன் வீடு திரும்ப வேண்டியிருப்பதால், தற்காப்புக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கி, உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று எண்ணுகிறேன். 2021 முதல் இங்கே அதற்கு உரிமமே வேண்டாம் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையானாலும், என் தலையில் விழும் பொறுப்புகள் என்னென்ன என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே வாங்க விரும்புகிறேன். வீட்டில் எட்டு வயது மகளும், எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் என் தம்பியும் உடன் இருக்கிறார்கள்.

பதில் (ஹூஸ்டன்)

ஐயா, அவர்கள் சொல்வது சரிதான். 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தடையில்லாத, 21 வயது நிறைந்த ஒருவர் உரிமம் இன்றியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனாலும் உரிமத்தை எடுத்துவிடுங்கள் என்றே நான் வற்புறுத்துவேன். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் உள்ள பொதுச் சாலையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியுடன் செல்வதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. பள்ளி இருக்கும் மாநிலமே வழங்கிய உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. மகளைக் காலையில் பள்ளியில் இறக்கிவிடும் தந்தைக்கு இது நாள்தோறும் எழும் சிக்கல். உரிமத்துக்கான வகுப்பு நான்கு முதல் ஆறு மணி நேரம்தான். சுடும் தேர்வும் உண்டு.

உரிமம் பெற்றவர் துப்பாக்கியுடன் இருக்கும்போது காவலர் அடையாள அட்டை கேட்டால், ஓட்டுநர் உரிமத்துடன் துப்பாக்கி உரிமத்தையும் காட்ட வேண்டும். காரின் காப்பீட்டுத் தாளையும் துப்பாக்கியையும் ஒரே டேஷ்போர்டு பெட்டிக்குள் வைக்காதீர்கள். தாளை எடுக்க அதைத் திறக்கும் நொடியில் காவலர் என்ன நினைப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். இரு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு, துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பதை வாயால் சொல்லிவிட்டு, அவர் சொன்ன பிறகே கையை நகர்த்துங்கள்.

பதில் (ஆஸ்டின்)

சகோதரரே, எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடை வாசலில் டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 30.06 என்ற பிரிவு எண்ணுடன், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அறிவிப்பு இருந்தால், உரிமம் உள்ளவரும் மறைத்து வைத்த துப்பாக்கியுடன் உள்ளே போகக் கூடாது. உரிமம் இல்லாதவரைத் தடுப்பது 30.05 பிரிவு அறிவிப்பு. வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே அருந்தும் மதுவின் விற்பனையால் பெறும் கடைகளில் சிவப்பு நிறத்தில் 51% என்ற பலகை இருக்கும். அங்கே துப்பாக்கியுடன் நுழைவது, இரண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாகும். அஞ்சல் நிலையத்துக்கும் கொண்டுபோகக் கூடாது. டெக்சாஸ் உரிமம் கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி ஆகிய மாநிலங்களில் செல்லாது.

உங்கள் மகளை நினைத்து அடுத்ததை எழுதுகிறேன். உடனே சுடத்தக்க நிலையில் உள்ள துப்பாக்கியைப் பத்திரப்படுத்தாமல் விட்டு, 17 வயதுக்குக் குறைந்த குழந்தையின் கைக்கு அது கிடைத்தால், உரியவரின் அலட்சியம் குற்றமாகிறது. குழந்தை அதைச் சுட்டு யாராவது இறந்தாலோ படுகாயமடைந்தாலோ ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். துணி அலமாரியின் மேல்தட்டில் வைப்பதைப் பத்திரமென்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் இடுப்பிலிருந்து கழற்றி நேராகப் பூட்டிய பெட்டகத்துக்குள் வைப்பது முதல் நாளிலிருந்தே பழக்கமாக வேண்டும்.

பதில் (சான் அன்டோனியோ)

சுடுவதற்குச் சட்டம் எப்போது இடம் தருகிறது என்பதையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். தண்டனைச் சட்டத்தின் 9.32 பிரிவின்படி, உயிரைப் பறிக்கும் தாக்குதலையோ, கொலை, வழிப்பறி, பாலியல் வன்கொடுமை போன்றவற்றையோ தடுப்பதற்கு அந்தக் கணமே சுடுவது அவசியம் என்று நியாயமான ஒருவர் நம்பும் நிலை இருக்க வேண்டும். இருக்க உரிமையுள்ள இடத்தில், எதிராளியைத் தூண்டிவிடாமலும் குற்றச் செயலில் ஈடுபடாமலும் இருந்தவர் பின்வாங்கிய பிறகுதான் தற்காத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இங்கில்லை. வாய்ச் சண்டையை நீங்களே வளர்த்திருந்தால் அந்தப் பாதுகாப்பு கரைந்துவிடக்கூடும். கார் நிறுத்துமிடத்தில் ஏசியவனுக்குத் துப்பாக்கியை நீட்டிக் காட்டுவது தனிக் குற்றமாகவே முடியலாம். ஓடுபவனை நோக்கிச் சுட்ட தோட்டா, அசட்டையால் வழிப்போக்கர் ஒருவரைத் தாக்கினால், தற்காப்பு என்ற வாதம் அவர் விஷயத்தில் உதவாது.

சுட நேர்ந்துவிட்டால், உடனே 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்து இடத்தைச் சொல்லி ஆம்புலன்ஸ் கேளுங்கள்; காவலர் வரும்போது துப்பாக்கி உங்கள் கையில் இருக்கக் கூடாது; விரிவான வாக்குமூலத்தை வழக்கறிஞர் வந்த பிறகு கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நான் ஊரில் இல்லாத நாட்களில் பெட்டகத்தின் எண்ணைத் தம்பியிடம் சொல்லிவைக்கலாமா?

பதில் (ஹூஸ்டன்)

கூடாது ஐயா. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற ஒருசில விலக்குகள் இருந்தாலன்றி, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு, நாடு கடத்தப்படவும் கூடும். துப்பாக்கி உங்கள் பெயரில் இருந்தாலும், பெட்டகத்தைத் திறக்கும் எண் அவரிடம் இருந்தால் அது அவர் வசம் இருப்பதாகவே அரசு வழக்கறிஞர் வாதிட முடியும். பெட்டகத்தை உங்கள் படுக்கையறையில் வையுங்கள். எண் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். வாங்குவதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் தம்பியின் நிலையைச் சொல்லி ஆலோசனை பெறுங்கள்.