அம்மா கோடிட்டு வைத்த நிகழ்ச்சி நிரல்கள்: ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி பற்றிய அனுபவப் பகிர்வு

மெல்பேர்ணிலிருந்து:

சென்ற மாதம் வீடு மாறியபோது, அம்மாவின் தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். அவை 1985ஆம் ஆண்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல்கள். 1983 கலவரத்துக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்த எங்கள் வீட்டில், வியாழக்கிழமைதோறும் 'தி ஏஜ்' நாளிதழோடு வரும் 'கிரீன் கைட்' இணைப்பை முதலில் கையில் எடுப்பவர் அம்மாதான். பார்க்க வேண்டியவற்றின் கீழ் நீல மையால் கோடிட்டு, அந்த வாரம் முழுவதும் அதை மடித்துத் தொலைக்காட்சியின் மேல் வைத்திருப்பார்.

கோடுகளில் பெரும்பாலானவை 0/28 என்ற பத்தியில்தான் இருந்தன. 1980 அக்டோபர் 24ஆம் தேதி சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தொடங்கிய பல்பண்பாட்டுத் தொலைக்காட்சி அது. இன்று நாம் எஸ்.பி.எஸ். என்று அழைப்பது. ஆங்கிலப் பேச்சு அம்மாவின் காதில் பிடிபடாமல் ஓடிவிடும், ஆனால் எழுத்தை அவரால் நிதானமாகப் படிக்க முடியும். ஆகவே இத்தாலிய, கிரேக்கப் படங்களின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளே அவருக்குப் பள்ளிக்கூடமாயின. ஒரே நிகழ்ச்சிகள் இரண்டு அலைவரிசைகளில் வந்தன: 0 என்பது வி.எச்.எப். (மிகு உயர் அதிர்வெண்), 28 என்பது யு.எச்.எப். (அதனினும் உயர்ந்த அதிர்வெண்). மெல்பேர்ணில் அந்த 0, 1980 ஜனவரி வரை ஒரு வணிக நிலையத்துக்கு உரியதாக இருந்தது. அந்நிலையம் 10ஆம் அலைவரிசைக்கு மாறியதால் அவ்விடம் காலியாயிற்று.

1986 ஜனவரியில் 0 ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு 28 மட்டும் எஞ்சியது. எங்கள் கூரையில் அதற்குரிய அன்டெனா இல்லை. அப்பா பணம் சேர்த்துப் புதியதை வாங்கிப் பொருத்தும்வரை, ஏறத்தாழ ஒரு மாதம், பார்க்க முடியாத நிகழ்ச்சிகளுக்கும் அம்மா கோடிட்டுக்கொண்டே இருந்தார். அந்தத் தாள்களை இப்போது பார்க்கும்போது மனம் கனக்கிறது.

அதே ஜனவரியில்தான், 1985 மார்ச் 18 அன்று 7ஆம் அலைவரிசையில் தொடங்கி அவ்வாண்டே கைவிடப்பட்ட 'நெய்பர்ஸ்' தொடர் 10இன் பத்திக்கு இடம் மாறி வந்தது. தங்கை அதற்குச் சிவப்பில் கோடிட்டிருக்கிறாள்.

கன்பராவிலிருந்து:

உங்கள் அம்மாவின் நீலக் கோடுகள் எனக்கு ஒரு சந்திப்பை நினைவூட்டின. வாரம் ஒருமுறை முதியோர் இல்லம் ஒன்றில் தொண்டு செய்கிறேன். அங்கு விக்டோரியாவின் பண்ணைக் குடும்பம் ஒன்றில் பிறந்த ஒரு மூதாட்டி, 'பெல்பேர்ட்' தொடரை மறுபடி பார்க்க முடியுமா என்று கேட்டார். 1967 முதல் 1977 வரை ஆஸ்திரேலியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி.யில் வந்த நாட்டுப்புறத் தொடர் அது. தொடக்கத்தில் ஏழு மணிச் செய்திக்கு முன் கால் மணி நேரம் ஒளிபரப்பானது. ஒளிநாடா விலை உயர்ந்ததாக இருந்த காலத்தில் பதிவுகளை அழித்து, அதே நாடாவை மீண்டும் பயன்படுத்துவது வழக்கம் என்பதால், அத்தொடரின் மிகச் சில பகுதிகளே எஞ்சியுள்ளன. 'கவுண்டவுன்' இசை நிகழ்ச்சியின் தொடக்க காலப் பதிவுகள் பலவும் இப்படித்தான் போயின.

காட்டுவதற்குப் படம் இல்லாததால், பழைய நாளிதழ்களை இணையத்தில் படிக்கத் தரும் தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் 'தி கன்பரா டைம்ஸ்' இதழின் பழைய நிரல் பக்கம் ஒன்றைத் தேடி, பெரிதாக அச்சிட்டு எடுத்துச் சென்றேன். அவர் விரலை வைத்து மேலிருந்து கீழாகப் படித்தார். பெல்பேர்ட் என்ற பெயர் வந்ததும் நிறுத்தி, கோதுமைக் குதிரிலிருந்து அத்தொடரின் பாத்திரமான சார்லி கசன்ஸ் விழுந்து இறந்த மாலையில் தன் தந்தை உணவு மேசையிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டதைச் சொன்னார். அந்தத் தாளை அவர் என்னிடம் திருப்பித் தரவில்லை; நானும் கேட்கவில்லை.

பெண்டிகோவிலிருந்து:

எங்கள் ஊர் நிரலில் நீண்ட காலம் இரண்டே பத்திகள்: ஏ.பி.சி., அடுத்து ஒரேயொரு வணிக நிலையம். பெருநகரங்களின் மூன்று வணிக வலையமைப்புகளிலிருந்தும் அந்த நிலையம் தெரிவு செய்து தருவதை மட்டுமே நாங்கள் பார்த்தோம். 1992 தொடக்கத்தில்தான் விக்டோரியாவின் நாட்டுப்புறங்களுக்கு மூன்றும் வந்தன. கன்பரா நண்பரே, 1969 ஜூலை 21ஆம் தேதிக்குரிய நிரல் பக்கம் உங்களுக்குக் கிடைத்தால் இங்கே இடுங்கள். நிலவில் மனிதன் நடந்த அந்த நண்பகலில் என்னென்ன நிகழ்ச்சிகள் அச்சிடப்பட்டிருந்தன என்று பார்க்க விரும்புகிறேன்.