எலிக்காய்ச்சல் துண்டுப்பிரசுரம்: 'விண்டோ பீரியட்' தமிழில் என்ன?

கிளிநொச்சியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். காலபோக விதைப்புக்கு வயலில் இறங்குகிறவர்களுக்குக் கொடுக்க எலிக்காய்ச்சல் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் செய்கிறோம். வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். எல்லாம் தமிழில் வந்துவிட்டது, ஒரு சொல் மட்டும் நிற்கிறது: விண்டோ பீரியட். கிருமி உடம்பில் இருக்கும், இரத்தப் பரிசோதனையில் தெரியாது. அந்த இடைப்பட்ட நாட்களைக் குறிக்கும் சொல். 'சாளரக் காலம்' என்று போட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "யன்னல் திறந்து வைக்கிற காலமோ பிள்ளை?" என்று கேட்டார்.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. போன மாரியில் தம்பிக்குக் காய்ச்சல். இரண்டாம் நாளே இரத்தம் கொடுத்தான். றிப்போட்டில் நெகட்டிவ். அதை நாலாக மடித்து அடையாள அட்டையோடு பொலித்தீன் பையில் வைத்துக்கொண்டு மருந்தடிக்கப் போய்விட்டான். ஏழாம் நாள் கண் மஞ்சள், சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறம். பிழைத்துவிட்டான். ஆனால் அந்தத் தாளை நம்பி ஐந்து நாள் போனது.

மாங்குளத்திலிருந்து:

அக்கா, நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். சொல்லைத் தேட முன்னம் பொருளைச் சொல்லிவிடுகிறேன். எலிக்காய்ச்சலுக்கு நாங்கள் வழமையாகப் பார்ப்பது கிருமியை இல்லை, கிருமிக்கு எதிராக உடம்பு செய்கிற பிறபொருளெதிரியை. காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஒரு கிழமை போனால்தான் அது தேறும் அளவுக்கு வரும். முதலாம் முறை தெரியாவிட்டால் பிறகு இன்னொருமுறை இரத்தம் எடுக்கச் சொல்வது அதனால்தான். மருத்துவர்கள் முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவதும் அதனால்தான்.

டெங்கு கொஞ்சம் வேறு. அதில் என்எஸ்1 என்கிற கிருமியின் புரதம் முதல் நாட்களில் தெரியும், ஒரு கிழமைக்குப் பிறகு மறைந்துவிடும். ஐஜிஎம் என்கிற பிறபொருளெதிரி பிந்தித்தான் வரும். எதை எந்த நாளில் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வன்னியில் வயதானவர்களுக்கு இரத்தப் பரிசோதனை என்றால் மலேரியா இரத்தம்தான். விரலில் குத்தி, கண்ணாடியில் தடவி, நுணுக்குக்காட்டியில் கிருமியையே பார்ப்பது. இருந்தால் இருக்கு, இல்லாவிட்டால் இல்லை என்று மனதில் பதிந்துவிட்டது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது, அந்த எண்ணம் மட்டும் போகவில்லை. சொல் அந்த எண்ணத்தை மாற்ற வேண்டும்.

இன்னொன்று, 'நோயரும்பு காலம்' என்று போட்டுவிடாதீர்கள். அது தொற்றியதிலிருந்து காய்ச்சல் வரும்வரை. நாங்கள் தேடுவது காய்ச்சல் வந்த பிறகும் நீளும்.

முல்லைத்தீவிலிருந்து:

பிள்ளைகளே, சொல் கையில் இருக்கிறது: ஒளிகாலம். நம் பிள்ளைகள் இன்னும் ஒளித்துப் பிடித்துத்தானே விளையாடுகிறார்கள். வினைத்தொகை, ஒளித்த, ஒளிக்கிற, ஒளிக்கும் காலம் மூன்றும் அதற்குள் அடங்கும். அது வேண்டாம் என்றால் கரவுகாலம். குறளில் காக்கை கரவா கரைந்து உண்ணும். கரத்தல் மறைத்தல், கரவு மறைவு, கரவடம் களவு. கள்வனுக்குக் கரவடன் என்ற பெயரும் உண்டு. நோய் உடம்பில் கள்ளனாக இருக்கிற காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில் கிடைக்காது.

செட்டிகுளத்திலிருந்து:

ஐயா, உங்கள் தமிழுக்குக் கை எடுக்கிறேன். ஆனால் 'ஒளி' என்று அச்சில் கண்டால் எங்கள் சனம் வெளிச்சம் என்றுதான் வாசிக்கும். கரவு என்றால் என்னவென்று கேட்கும். 'விண்டோ பீரியட்' என்றே தமிழெழுத்தில் போட்டால் என்ன? மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியர், 1875 இல் வந்த தன் இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றுதானே பெயர் வைத்தார்.

தமிழ்தான் வேண்டும் என்றால் 'பிடிபடாக் காலம்'. இங்கே வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தம் உங்களுக்குத் தெரியும். சிறுநீரகத்தின் வேலை பாதியளவு குறையும்வரை இரத்தத்தில் கிரியற்றினின் என்கிற கழிவுப்பொருளின் அளவு வழமையாகவே நிற்கலாம். அங்கே நாள் கணக்கு இல்லை, அளவுக் கணக்கு. அதற்குப் 'பிடிபடா அளவு' என்று இதே சொல்லை நீட்டிக்கொள்ளலாம்.

முல்லைத்தீவிலிருந்து:

கெமிஸ்தம் நிலைத்ததா தம்பி? இரசாயனம் நின்றது, பிறகு வேதியியல் வந்தது. சனத்துக்கு விளங்காது என்று சொல்லிச் சொல்லியே சனத்திடமிருந்து சொல்லைப் பறித்துவிட்டோம்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

செட்டிகுளம் அண்ணை, 'பிடிபடா' வேண்டாம். உங்கள் காரணம் சரி, இலக்கணமும் சரி. ஆனால் இந்தப் பக்கத்தில் 'பிடிபட்டவர்' என்றால் 2009 க்குப் பிறகு அதற்கு ஒரு பொருள்தான். மகனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிற ஒரு தாயின் கையில் அந்தத் தாளைக் கொடுக்க என்னால் முடியாது.

எங்கள் ஆட்கள் கிளினிக்கால் வந்து என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். "பிளட்டில ஒண்டும் காட்டேல்ல" என்கிறார்கள். சொல் அங்கேயே இருக்கிறது. காட்டாக் காலம். கிரியற்றினினுக்குக் காட்டா அளவு.

செட்டிகுளத்திலிருந்து:

நீங்கள் சொன்னது விளங்குகிறது. என் சொல்லை எடுத்துவிடுங்கள். ஆனால் 'காட்டாக் காலம்' காதில் கட்டாக்காலி மாதிரி விழுகிறதே? விதைப்பு நேரம் வேறு. மாடு பிடிக்கிற அறிவித்தல் என்று நினைக்கப் போகிறார்கள்.

முல்லைத்தீவிலிருந்து:

விழட்டும், அதில் பிழை இல்லை. கட்டாக்காலி என்பது கட்டாத காலி. காலி என்றால் மாடு. ஆழ்வார் பாடல்களில் ஆநிரைக்கு அந்தப் பெயர் உண்டு. கட்டாக் காலி, காட்டாக் காலம் இரண்டும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இரண்டிலும் வல்லினம் மிகும். ஆழ்வார் காலத்துச் சொல்லை வயல்கரையில் நின்று நாளும் கூப்பிடுகிற சனத்துக்குக் கரவுகாலம் விளங்காது என்கிறீர்கள். எனக்கு அது பெரிய மனவருத்தம். 'காட்டா' என்றால் குற்றம் பரிசோதனையில் விழுகிறது. ஒளிப்பது நோய் அல்லவா?

மாங்குளத்திலிருந்து:

ஐயா, குற்றம் பரிசோதனையில் விழுவதுதான் எனக்கு வேண்டும். நோய் ஒளித்தது என்றால் சனம் பயப்படும். பரிசோதனை இன்னும் காட்டவில்லை என்றால் திரும்பி வரும். நான் கையெழுத்து வைக்கிற தாளில் 'இல்லை' என்று இருப்பது, நான் பார்த்த பொருள் அன்றைக்கு எடுத்த இரத்தத்தில் தேறவில்லை என்பதைத்தான் சொல்கிறது. புற்றுநோய் இல்லை, இதயத்தில் ஒன்றும் இல்லை என்றெல்லாம் அது சொல்லாது. "முழு இரத்தமும் செக் பண்ணியாச்சு" என்று மடித்துக்கொண்டு போகிறவர்களை நாளும் பார்க்கிறேன். முழு இரத்தத்தையும் பார்க்கிற பரிசோதனை ஒன்று இல்லை.

கிளிநொச்சியிலிருந்து:

புதன் இரவு பதினொரு மணி. காட்டாக் காலத்துக்கு நாலு பேர், ஒளிகாலத்துக்கு ஐயா ஒருவர். நாளைக்குக் கொடுத்தேயாக வேண்டும் என்பதால் காட்டாக் காலம் என்றே போடுகிறேன். கீழே இப்படி வரும்: "காய்ச்சல் தொடங்கி முதல் கிழமை காட்டாக் காலம். பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் திரும்ப வாருங்கள். வயலில் இறங்கினதையும் சொல்லுங்கள்." அம்மாவிடம் வாசித்தேன். இந்தமுறை யன்னலைப் பற்றிக் கேட்கவில்லை, "அப்ப தம்பி அண்டைக்குத் திரும்பப் போயிருக்கோணும்" என்றார்.

முல்லைத்தீவிலிருந்து:

போடுங்கள் மகளே. என் வாக்கு ஒளிகாலத்துக்கே, அதை மாற்றவில்லை. அச்சுக்கூடத்தில் 'க்' விழுந்து 'காட்டா காலம்' என்று வந்துவிடாமல் மட்டும் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.