மறு: டிரான்ஸ்வர்ஸ் மோட் இன்ஸ்டபிலிட்டி – ‘பாங்குத் தளும்பல்’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கண்ணாடி இழைக்குள் ஒளியைப் பெருக்கும் இழை லேசரில், கற்றையின் வடிவம் நிலைகொள்ளாமல் ஆடுவதே ‘டிரான்ஸ்வர்ஸ் மோட் இன்ஸ்டபிலிட்டி’. ‘பாங்கு’ (மோட்) என்பது இழையின் குறுக்கே ஒளி பரவி நிற்கும் வடிவம். இதற்குக் குழுவில் வந்த ‘பாங்கு நிலையின்மை’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. சொல்லமைப்பில் குறையில்லை, பொருள்தான் வழி தவறுகிறது. படிக்கும் மாணவர் லேசரின் திறன் ஏறி இறங்குகிறது என்றே எண்ணுவார். நடப்பது வேறு. வெப்பவகைத் திறன்மானியில் எண் மாறாமலே நிற்கக்கூடும். கற்றையின் வடிவமோ நொடிக்குப் பல நூறு, சில வேளை சில ஆயிரம் முறை உருமாறிக்கொண்டிருக்கும். கற்றையின் சிறு பகுதியை மட்டும் ஊசித்துளை வழியாக ஒளி டையோடில் விழச் செய்தால் அந்த ஆட்டம் பிடிபடும்.

காரணம் சூடு. இட்டெர்பியம் என்ற தனிமம் கலந்த இழைக்கு 976 நானோமீட்டர் ஒளியை ஊட்டி 1070 நானோமீட்டரில் லேசரை எடுத்தால், ஒவ்வொரு ஃபோட்டானிலும் ஏறத்தாழ 9 விழுக்காடு ஆற்றல் இழைக்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. முதற்பாங்கும் (நடுவில் குவிந்த எளிய வடிவம்) உயர்பாங்கும் (அதைவிடச் சிக்கலான வடிவம்) சேர்ந்து ஓடும்போது, அவற்றின் குறுக்கீட்டுக் கோலத்தையொட்டிச் சூடு வரிவரியாகப் படிகிறது. ஒளிவிலகல் எண்ணும் அப்படியே மாறுகிறது. அந்த வரிகள்தாம் ஒரு பாங்கின் ஆற்றலை மற்றதற்குத் தள்ளுகின்றன. திறன் ஒரு வரம்பைத் தாண்டியதும் இது திடீரெனத் தொடங்கும்.

மண்டபத்தில் அப்பாவின் நாட்டுப்படகில் அரைப் பீப்பாய் குடிநீர் இருக்கும். வாடைக் காலத்தில் வடகடலில் அலை எழும்பினால் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதும். மூடி இறுக்கமாக இருப்பதால் ஒரு சொட்டும் குறையாது. அதைத்தான் தளும்புகிறது என்போம். அளவு மாறாமல் இடம் மாறுவது. நமக்கு வேண்டிய சொல் இதுவே.

‘நிறைகுடம் தளும்பாது. இங்கே திறன் நிறைய நிறையத்தானே தளும்புகிறது?’ என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் குடமாகக் கொள்ள வேண்டியது இழையின் உள்ளகத்தை, அதாவது ஒளி ஓடும் நடுப்பகுதியை. உள்ளகம் அகன்றால் உயர்பாங்குகளுக்கு இடம் உண்டாகிறது. அதுவே குடத்தின் வெற்றிடம். ஒரே பாங்கு மட்டும் செல்லும் மெல்லிய உள்ளகத்தில் தளும்ப இடமே இல்லை. பழமொழி நம் பக்கம்தான் நிற்கிறது!

வினையாகவும் இது வளைந்து கொடுக்கும்: ‘இழை தளும்பியது’, ‘தளும்பு வரம்பு’, ‘இழையைத் தக்க ஆரத்தில் சுருட்டி, உயர்பாங்கைக் கசியவிட்டுத் தளும்பலைத் தள்ளிப்போடலாம்’. நிலையின்மையை வைத்து இப்படி எழுதிப் பாருங்கள், தெரியும்.

லேசரில் நெடுக்குப் பாங்குகளும் (நீளவாக்கில் அமையும் அலைக்கோலங்கள்) உண்டு என்பதால், கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் ‘குறுக்குப் பாங்குத் தளும்பல்’ என்று முழுதாக எழுதிவிடலாம்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து