எல்டிஎல் இறங்கிவிட்டது, அழற்சி ஏன் அடங்கவில்லை?

தாமிரபரணி:
அப்பாவுக்கு 61 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்ததிலிருந்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுகிறார். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 148-இலிருந்து 66-க்கு வந்துவிட்டது. ஆனால் போன வாரப் பரிசோதனையில், அழற்சியைக் காட்டும் சிஆர்பி 3.4. "கொழுப்பைக் குறைத்து என்ன கண்டாய், மாத்திரையை நிறுத்து" என்கிறார் சித்தப்பா. எனக்குப் பயமாக இருக்கிறது.

கருவேலம்:
நிறுத்தவே கூடாது, தம்பி. எல்டிஎல் துகள்கள் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் கொழுப்பு நிரம்பி நுரைச் செல்களாகின்றன. உள்ளே கொலஸ்ட்ரால் படிகமானதும் செல் அதை ஆபத்தாக உணர்ந்து, இன்டர்லூக்கின்-1பீட்டா என்ற புரதத்தை வெளியிட்டு மற்றச் செல்களையும் கிளப்பிவிடுகிறது. விறகு கொழுப்புதான். அதை எடுத்தால் தீ அடங்கும்.

வேம்பு:
மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விறகை எடுத்தால் போதும் என்பதை ஏற்க மாட்டேன். மாரடைப்பு வந்து, சிஆர்பி 2-க்குக் குறையாத 10,061 பேரிடம் நடந்த கான்டோஸ் ஆய்வு 2017-இல் வெளியானது. கனாகினுமாப் ஊசி நீங்கள் சொன்ன அதே இன்டர்லூக்கினை மட்டும் தடுத்தது. எல்டிஎல் குறையவில்லை. இருந்தும் 150 மி.கி. பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன.

கருவேலம்:
முழுவதையும் சொல்லுங்கள். அந்த ஊசி பெற்றவர்களிடம் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின; மொத்த இறப்பு குறையவில்லை. நோய் எதிர்ப்பின் கையைக் கட்டிப்போட்டால் அதற்கு விலை உண்டு. அதே ஆண்டு ஃபோரியர் ஆய்வில், ஏற்கெனவே ஸ்டேட்டின் எடுத்துவந்த 27,564 பேரில் ஒரு பாதிக்கு, எல்டிஎல்லைக் குறைக்கும் எவலோகுமாப் ஊசி கொடுத்தார்கள். எல்டிஎல் 92-இலிருந்து 30-க்கு இறங்கியது. சிஆர்பி அசையவில்லை. இதயப் பாதிப்புகள் அங்கும் 15 சதவீதம் குறைந்தன.

வேம்பு:
அப்படியானால் இரண்டு வழியும் தனித்தனியே வேலை செய்கின்றன என்றுதானே பொருள்? இன்னொன்றையும் பாருங்கள். பரம்பரையாக எல்டிஎல் மிகுந்தவர்களுக்கு மூன்று மாதம் ஸ்டேட்டின் கொடுத்து அவர்களுடைய மோனோசைட்டுகளை, அதாவது மேக்ரோஃபேஜாக மாறக்கூடிய வெள்ளை அணுக்களைச் சோதித்தார்கள். 2019-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு. கொழுப்பு குறைந்தும் அந்தச் செல்கள் பழையபடியே மிகையாகச் சீறின. கொழுப்பில் ஊறிய நாட்களைச் செல் மறக்கவில்லை. இதை வெறும் எல்டிஎல் எண்ணை வைத்து எப்படி அளப்பீர்கள்?

கருவேலம்:
மூன்று மாதம் போதாது என்பேன். அதே நாட்டில், அதே வகை நோயாளிகளிடம் 2017-இல் வெளியான ஆய்வில், பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைத் தடுத்து எல்டிஎல்லைக் குறைக்கும் ஊசியைச் சோதித்தார்கள். மோனோசைட்டுக்குள் இருந்த கொழுப்பும், அந்தச் செல் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைய உதவும் சிசிஆர்2 ஏற்பியும் குறைந்தன. அப்போதும் சிஆர்பி மாறவில்லை. சிஆர்பியைச் செய்வது கல்லீரல். ரத்தக்குழாய்ச் சுவரில் நடப்பதையெல்லாம் அது சொல்லிவிடும் என்று நம்பாதீர்கள்.

வேம்பு:
அது சரியான வாதம், ஏற்கிறேன். ஆனாலும் 3.4-ஐப் புறந்தள்ள என் மனம் ஒப்பவில்லை. தம்பி, பரிசோதனை எடுத்த வாரம் அப்பாவுக்குச் சளி, காய்ச்சல் இருந்ததா? ஈறில் ரத்தம் கசிகிறதா? புகைபிடிப்பாரா?

தாமிரபரணி:
புகை இல்லை, அண்ணா. ஆனால் கடைவாய்ப் பல் ஒரு மாதமாக வீங்கியிருக்கிறது. "இதயத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்" என்று நாங்கள் யாருமே மருத்துவரிடம் சொல்லவில்லை.

கருவேலம்:
நாளையே பல் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். இதய மாத்திரைகளின் பட்டியலையும் கையில் எடுத்துப் போங்கள். பல் ஆறிய பிறகு சிஆர்பியை மறுபடி எடுக்கலாமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். இன்றிரவு மாத்திரையை மட்டும் தவறவிடாதீர்கள்.